எல்வுட்டுக்கு மனசு ஒப்பவில்லை

"எனக்கு மனசு ஒப்பல," என்றார் எல்வுட் பெம்பர்ட்டன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு முனகியது. செப்டம்பரில் இதையே சொன்னார், அக்டோபரில் இதையே சொன்னார், இப்போது நவம்பரிலும் இதேதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முன்னால் மேசையருகே உட்கார்ந்திருந்த லவீனா ஹின்ஷா பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

அந்தச் சபைக்கு அவள்தான் எழுத்தர். நண்பர்கள் சபை என்று பெயர். அங்கே போதகர் கிடையாது, பாட்டு கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஞாயிறு காலையில் வந்து பேசாமல் உட்கார்ந்து கடவுள் சொல்வதைக் கேட்பார்கள். மாதம் ஒருமுறை, வழிபாடு முடிந்த கையோடு, அப்படியே இருந்து சபைக் காரியங்களைப் பார்ப்பார்கள். எழுத்தர் காரியத்தை எடுத்துச் சொல்லி, "நண்பர்களே, சம்மதமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம், மேலே இருக்கிறவருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ஒரே ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் காரியம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஒருவரின் தயக்கத்தில்தான் கடவுள் பேசுகிறாரோ என்னவோ, யார் கண்டது? தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். லவீனாவும் அதை நம்பியவள்தான். எல்வுட் எழுந்து நிற்கும்போது மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"எதனால ஒப்பலன்னு சொல்ல முடியுமா, எல்வுட்?"

"முடிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?"

"கூரை ஒழுகும்னு நெனைக்கிறியா?"

"கூரைய நான்தான் போட்டேன். அது ஏன் ஒழுகப்போவுது?"

"சபையில இல்லாத ஆளுக்குக் குடுக்கறதான்னு யோசனையா?"

"மேவிஸ் நல்ல பொம்பள. அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல."

"பின்ன என்ன?"

"ஒப்பல."

அடுத்த அறையில் சூடாகிக்கொண்டிருந்த பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் தீயத் தொடங்கியிருந்தன. வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறியது. பின் பெஞ்சில் ஹெர்ஷலின் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. யாரும் சிரிக்கவில்லை, பசி.

"அப்ப அடுத்த மாசம் பாக்கலாம்," என்றாள் லவீனா, பல்லைக் கடித்தபடி.

விஷயம் இவ்வளவுதான். சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், கல்லறைத் தோட்டத்து வேலியை ஒட்டி, ஒரு சின்ன வீடு பல வருடமாகக் காலியாகக் கிடந்தது. லவீனாவின் தங்கை மேவிஸ் வசந்த காலத்தில் கணவன் டுவேனை இழந்தாள். டுவேனும் அவளும் குடியிருந்தது இன்னொருவர் பண்ணை வீடு. அவர் அதை விற்றுவிட்டார். மேவிஸ் இரண்டு பெட்டியோடு வந்து அக்காவின் தையல் அறையில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கணப்புச் சூடு ஏறாது. அயோவாக் குளிர் ஜன்னலைத் தட்டத் தொடங்கிவிட்டது. இந்த வீட்டை மேவிஸுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அதுவும் லவீனா தானாக யோசித்துச் சொன்னதில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அந்த வீட்டு ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது. கை துணியோடு நின்றது. 'மேவிஸ் இங்கே இருக்கட்டும்' என்று உள்ளே யாரோ கதவைத் திறந்து சொன்ன மாதிரி இருந்தது. கடவுள் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மட்டும் பேசுகிறவர் இல்லை, பாத்திரம் தேய்க்கும்போதும் பேசுவார், கடைக்குப் போகும் வழியிலும் பேசுவார், காது கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் லவீனா. மற்ற சபைகளிலிருந்து கூப்பிட்டு அவளைப் பேசவைத்திருக்கிறார்கள். அவள் எழுந்து நின்று, "எனக்கு வழி காட்டப்பட்டது" என்று சொல்லி, அதற்கு ஒருவர் மூன்று மாதம் முட்டுக்கட்டை போடுவது இதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுக்குப் பிறகு சபைச் சமையலறையில் லவீனா பாத்திரம் கழுவினாள். மேவிஸ் துடைத்து அடுக்கினாள்.

"வயித்தெரிச்சல்! ஒரு காரணம் சொல்லட்டும், வாய மூடிக்கறேன். காரணமே இல்லாம ஒரு மனுஷன் எழுந்து நின்னு ஒப்பல, ஒப்பலன்னா என்ன அர்த்தம்? பன்னி வளத்து வளத்து அதோட பிடிவாதம் இவருக்கும் ஒட்டிக்கிச்சு."

"நான் என்ன நெனைக்கிறேன்னா—" என்றாள் மேவிஸ்.

"தெரியும், பெரியவரத் திட்டாதேங்கறே. நான் எங்க திட்டறேன்? உள்ளத சொல்றேன். இந்தா, இந்தத் தட்டு இன்னும் ஈரமா இருக்கு பாரு. நீ கவலப்படாத. குளிர் முத்தறதுக்குள்ள உன்ன அங்க கொண்டுபோய் வெச்சிருவேன். மஞ்சள் திரைச்சீலை தைக்கலாம்னு துணி பாத்து வெச்சிருக்கேன். உனக்கு மஞ்சள் பிடிக்குமில்ல?"

"மஞ்சள்—"

"பிடிக்கும். சின்னப் பிள்ளையிலேயே உனக்கு மஞ்சள்தான்."

மேவிஸ் தட்டைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே லவீனா கடவுளிடம் நேராகப் பேச்சை எடுத்தாள். நண்பர்கள் சபையில் யாருக்கும் மரியாதை அடைமொழி போடுவதில்லை. எண்பது வயதுக்காரரும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி நீ என்றுதான் கூப்பிடுவார்கள். கடவுளுக்கும் அதேதான்.

"நீதானே சொன்னே? நானா கேட்டேன்? ஜன்னல் துடைச்சுக்கிட்டு செவனேன்னு இருந்தேன். எனக்குச் சொன்னத அந்த மனுஷனுக்கும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? தொண்ட கட்டிக்கிச்சா? இல்ல, அவர் காதுல பஞ்சா?"

கத்தி விரலில் பட்டது. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சரி, நானே போய்க் கேக்கறேன்," என்றாள்.

புதன்கிழமை ஒரு பாத்திரம் நிறைய கோழி நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு எல்வுட் வீட்டுக்குப் போனாள். அவர் பட்டியிலிருந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"லஞ்சமா?" என்றார், பாத்திரத்தைப் பார்த்து.

"நூடுல்ஸ்."

"உள்ள வா. லஞ்சம் ஆறிடப்போவுது."

சமையலறையில் ரேடியோ பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தது. எல்வுட் அதைக் குறைக்கவில்லை. லவீனா தானே போய்க் குறைத்தாள்.

"எல்வுட், நான் சண்ட போட வரல."

"நல்லது. நான் காலைலேருந்து ஒரு பொலி பன்னிகூட சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். தெம்பு இல்ல."

"உனக்கு என்னதான் தோணுது? மனச விட்டு சொல்லு. நான் கேக்கறேன்."

"நீயா?"

"நான்தான்! கேக்கறதுதான என் வேல."

எல்வுட் நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்தார். "இங்க பாரு லவீனா. ஒப்பணும்னுதான் நானும் பாக்கறேன். தினம் தீனி போடும்போது கேக்கறேன், ஆண்டவா, எனக்கு ஏன் இந்த வம்பு, ஒப்பி வுட்டுரு, எல்லாரும் நிம்மதியா இருப்போம்னு. ஒப்ப மாட்டேங்குது. ஹெர்ஷல் என்னப் பாத்தா பேச மாட்டேங்கறான். கோரின் வாரா வாரம் அனுப்பற சூப் நின்னுபோச்சு. இதுல எனக்கு என்ன ஆதாயம்? ஆசைப்பட்டா எழுந்து நிக்கறேன்?"

"எப்ப அப்படித் தோணுது? எந்த எடத்துல?"

"நீ பேச ஆரம்பிச்சதும்."

"ஓ! நான் பேசறது உனக்குப் பிடிக்கல. அப்படிச் சொல்லு!"

"அது நாப்பது வருஷமா பிடிக்கல. அத நான் ஒரு நாளும் காரியக் கூட்டத்துல எழுந்து சொன்னதில்ல. இது வேற. இது..." அவர் வயிற்றைத் தடவினார். "பட்டிக்கதவ சாத்துனோமா இல்லியான்னு பாதி வழியில வருமே, அந்த மாதிரி. ஏதோ ஒண்ணு தொறந்து கெடக்கு. எதுன்னு தெரியல. போய்ப் பாத்துட்டு வரலாம்னா எந்தக் கதவுன்னும் தெரியல."

"இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எழுத்தர் நீதான?"

லவீனாவுக்குத் தலையைக் கொண்டுபோய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நூடுல்ஸைக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று எழுந்தவள் சமையல் மேடைப் பக்கம் திரும்பி அப்படியே நின்றாள். நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. அதில் பாதி தின்ற உலர்திராட்சை கேக்.

"இது என்னோட தட்டு."

"இருக்கலாம். மேவிஸ் கொண்டுவந்தா."

"மேவிஸா? இங்கயா? எப்ப?"

"நேத்து. செவ்வாய்க்கிழமையானா வருவா. உனக்குத் தெரியாதா?"

செவ்வாய்க்கிழமை மேவிஸ் தன்னிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறாள் என்று லவீனா நினைத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"வந்து என்ன பேசுவா உன்கிட்ட?"

"பேச மாட்டா. மூணு மணிக்கு போல்கா ஆட்டப் பாட்டு போடுவான்ல ரேடியோவுல, அதச் சத்தமா வைன்னுவா. வெப்பேன். கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. முடிஞ்சதும் போயிருவா. நல்லா செய்யறா கேக்கு. உன்னுது மாதிரி வரட்டு வரட்டுன்னு இல்ல."

லவீனா தட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டாள்.

வீட்டு வாசலில் மேவிஸ் மேல்கோட்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அன்று இரண்டு பேரும் கார்வின் ஊருக்குக் கடைக்குப் போவதாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கார் ஒரு துள்ளுத் துள்ளிக் கிளம்பியது.

"புத்தகம் எல்லாம் எப்படி இருக்கு?" என்றாள் லவீனா.

"எந்தப் புத்தகம்?"

"செவ்வாய்க்கிழம நூலகத்துல படிக்கறியே, அது. போல்கா ஆடற புத்தகமா?"

மேவிஸின் காது மடல் சிவந்தது.

"உனக்கு வீடு கெடைக்காம பண்றதே அந்த மனுஷன்தான்! அவருக்கு என் தட்டுல, என் சர்க்கரையில கேக்கு செஞ்சு கொண்டுபோறே! எதுக்கு? ஓ... அவர் மனச கரைக்கலாம்னு பாத்தியா? அதான? அட அசடே, என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே, ரெண்டு பேரும் சேந்து—"

மேவிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ பேச ஆரம்பிச்சதும், என்று எல்வுட் சொன்னது லவீனாவின் காதுக்குள் மறுபடி கேட்டது. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வாய் நின்றது. அவள் நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் துடைத்த அன்று மாலை மேவிஸிடம் விஷயத்தைச் சொன்னாள். மேவிஸ் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள், ஒன்றும் சொல்லவில்லை. சபையில் எழுந்து, என் தங்கைக்கு, என்றாள். மேவிஸ் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். முப்பது வருடம் எழுத்தராக இருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

மேவிஸ் இருபது வயதில் சபையை விட்டுப் போனவள். இந்தப் பழக்கமெல்லாம் அவளுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது?

"மேவிஸ்," என்றாள் லவீனா. "அந்த வீடு உனக்கு வேணுமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அப்படிக் காத்திருந்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவாள்; அது வேறு. இங்கே பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, பதில் வரவில்லை. முன்னால் சோளம் அறுக்கும் இயந்திரம் ஒன்று பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. முந்திப் போகவும் வழியில்லை. 'குளிருமேன்னு பாக்கறியா?' என்று கேட்கலாமா என்று வாயைத் திறந்தாள்; மூடினாள். 'கல்லறை பக்கமா இருக்கேன்னா?' திறந்தாள்; மூடினாள். ஒரு களஞ்சியம் போனது. இன்னொரு களஞ்சியம் போனது. ஆண்டவா, இவள் வாயில் என்ன பூட்டா?

"வேண்டாம்," என்றாள் மேவிஸ்.

லவீனா காரை ஓரம் கட்டவில்லை. கட்ட இடம் இல்லை. இயந்திரத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

"வேண்டாமா?"

"வேண்டாம், லவீனா. எனக்கு அங்க பயித்தியம் பிடிச்சிரும். ஒரு பக்கம் நீங்க பேசாம உக்காந்திருக்கற கட்டடம். இன்னொரு பக்கம் பேசவே முடியாதவங்க. நடுவுல நான்."

"இத நீ ஆகஸ்டுலயே சொல்லியிருக்கலாமே!"

"எப்ப? எந்த மூச்சுல?"

"நான் என்ன, வாயையா பொத்தினேன்?"

"பொத்தல. நீயே என் வாயாவும் இருந்துட்டே. நான் 'மஞ்சள்'னு ஆரம்பிச்சா நீ திரைச்சீலையே தெச்சு முடிச்சுடறே. எனக்கு மஞ்சள் பிடிக்காது. கண்ணு வலிக்கும்."

"சின்ன வயசுல—"

"சின்ன வயசுல உனக்குப் பிடிக்கும்னு எனக்கும் அதையே தெச்சாங்க!"

இயந்திரத்தின் பின்னால் சோளச் சருகு பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. லவீனா துடைப்பானைப் போட்டாள். அது கறகறவென்று இழுத்தது.

"அப்ப எல்வுட்டுக்குக் கேக்கு?"

மேவிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "அவர் ஒருத்தர்தான் எனக்காக எழுந்து நிக்கறார். எதுக்குன்னு அவருக்கே தெரியல, பாவம். அவரும் ஒப்பிட்டார்னா என் கத முடிஞ்சது. உங்க சபை முழுக்க சேந்து, கடவுள் இவள இந்த வீட்ல இருக்கச் சொன்னார்னு எழுதிட்டா, அப்புறம் நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது? ஒண்ட வந்தவ நான். அதான், தெம்பா நிக்கட்டும்னு கேக்கு கொண்டுபோனேன்."

"அவர்கிட்ட சொன்னியா இத?"

"மூச்சு விடல. சொன்னா காரணம் கெடச்சிரும், உங்க கூட்டத்துல எழுந்து சொல்லிருவார். நீ என்னை வீட்ல வெச்சு வறுத்தெடுத்திருவே."

"சரி," என்றாள் லவீனா. "அந்த வீடு வேண்டாம். வேற எங்க போவே?"

மேவிஸ் கொஞ்சம் தயங்கினாள். லவீனா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காத்திருந்தாள். இரண்டாவது தடவை ஒன்றும் சுலபமாக இல்லை.

"கார்வின்ல பௌலிங் கூடம் இருக்கில்ல, நானும் டுவேனும் வெள்ளிக்கிழமை தோறும் ஆடுவோமே. அதுக்கு மேல ஒரு வீடு காலியா இருக்கு."

"பௌலிங் கூடத்துக்கு மேலயா! கீழ ராத்திரி பகலா பந்து உருளுமே, இடி இடிக்கற மாதிரி!"

"ஆமா," என்றாள் மேவிஸ். "அதனாலதான் யாரும் வரலியாம். நான் ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டேன். கீழ கட்டையெல்லாம் விழுந்து ஒருத்தன் 'ஹோ'ன்னு கத்தறான், மேல ஜன்னல் அதிருது. எனக்கு அழுகையே வந்திருச்சு. டுவேன் காலைல எழுந்ததுமே ரேடியோ போட்டுருவார். முப்பத்தாறு வருஷம். உன் வீட்ல காலைல எழுந்தா கடிகாரம் மட்டும்தான் கேக்குது. எனக்கு அவர் செத்தது அந்த நேரத்துலதான் தெரியுது. தினமும்."

லவீனாவுக்கு இது எதுவும் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே ஏழு மாதமாக இருக்கிறார்கள்.

"ஆனா எனக்குக் கேட்டதே, மேவிஸ்," என்றாள். கோபம் போய் ஒரு மாதிரியான முறையீடாக வந்தது. "நான் பொய் சொல்லல. ஜன்னல் துடைக்கும்போது, 'மேவிஸ் இங்கே இருக்கட்டும்'னு அவ்வளவு தெளிவா கேட்டது."

"கேட்டிருக்கும்."

"அப்ப அது யாரு?"

"என்கிட்ட கேக்கறியே. என்கிட்ட கடவுள் பேசினதே இல்ல. பேசினாலும் டுவேன் ரேடியோவுல காதுல விழுந்திருக்காது." மேவிஸ் கையுறையைக் கழற்றி அக்காவின் முழங்கையில் கை வைத்தாள். "நீ ஒத்தையில சாப்பிட்டு சாப்பிட்டு அலுத்துட்டே, லவீனா. அந்த ஜன்னல்லேருந்து பாத்தா உன் வீட்டு வெளக்கு தெரியும். நானும் பாத்தேனே."

இயந்திரம் ஒரு வயலுக்குள் திரும்பியது. பாதை காலியாக இருந்தது. லவீனா வேகத்தைக் கூட்டவில்லை.

"நேரா அந்தக் கூடத்துக்கே போகட்டுமா?" என்றாள்.

"கடை?"

"கடை எங்க போயிடும்."

மேவிஸ் டிசம்பர் முதல் வாரத்திலேயே குடிபோய்விட்டாள். மாடிப்படி செங்குத்தாக இருந்தது. ஹெர்ஷலும் அவன் மகனும் கட்டிலைத் தூக்கினார்கள். லவீனா விளக்கையும் தலையணைகளையும் எடுத்துப் போனாள். கீழே பிற்பகல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஏதோ சொன்னாள், அவளுக்கே கேட்கவில்லை. மேவிஸ் சிரித்துக்கொண்டே, "என்ன? என்ன?" என்றாள். கீழே கட்டைகள் சரிந்தன. லவீனா கையை வீசி, ஒன்றுமில்லை என்று காட்டினாள். வீட்டுக்குத் திரும்பி வந்து தையல் மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். கடிகாரம் கேட்டது. அன்று இரவுச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு காரியக் கூட்டம். லவீனா எழுந்தாள்.

"சின்ன வீட்டு விஷயம். அத நான் திரும்ப எடுத்துக்கறேன். எனக்கு வழி காட்டப்பட்டதுன்னு இங்க நின்னு சொன்னேன். எனக்கு ஏதோ கேட்டது நெசம். ஆனா யாருக்காகக் கேட்டேனோ அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டப்ப வேண்டாம்னு சொல்லிட்டா. அவ இப்ப கார்வின்ல இருக்கா. சந்தோஷமா இருக்கா. அவ்வளவுதான்."

எல்வுட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"இப்ப என்ன?" என்றாள் லவீனா. காரியக் கூட்டத்தில் எழுத்தர் பேசும் பேச்சில்லை அது.

"இல்ல..." எல்வுட் காதைச் சொறிந்தார். "இன்னிக்குக் காலைல தீனி போடும்போது பாத்தேன். அந்த வீட்டு விஷயம், எனக்கு ஒப்பிருச்சு. அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

ஹெர்ஷல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். கோரின் தோள் குலுங்கியது. அப்புறம் அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. லவீனா மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த காரியம் மழைத்தண்ணீர்க் குழாயை மாற்றுவது. எல்லோரும் சாப்பாட்டு நினைவில் இருந்தார்கள். லவீனா, "நண்பர்களே, சம்மதமா?" என்றாள். வழக்கம்போல் யாரும் பேசவில்லை. அவள் எழுதவில்லை.

"ஹெர்ஷல், உனக்கு?"

"எனக்கா? நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதனாலதான் கேக்கறேன்."

"கொழாய்தான, லவீனா!"

"கொழாய்தான். சம்மதமா?"

"சம்மதம்!"

"கோரின்?"

வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டாள். மூன்றாவது பெஞ்சில் இருந்த வயதான ரூத்தன்னா, பத்து வருடமாகக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவள், கேட்டதும், "கொழாய் வேணாம், முதல்ல அந்த மரத்த வெட்டுங்க, எலதான் அடைக்குது," என்று தொடங்கி நிறுத்தவேயில்லை. கூட்டம் முடிந்தபோது உள்ளே கறி கரியாகியிருந்தது. எல்லோரும் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு, எழுத்தரை முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. எல்வுட் தன் வண்டியருகே நின்றிருந்தார். பார்வை அந்தக் காலி வீட்டின் மேல் இருந்தது.

"எல்வுட், ஒண்ணு கேக்கணும்," என்றாள் லவீனா. "உன் வயித்துல இருந்தது கடவுளா?"

"எனக்கென்ன தெரியும்? அஜீரணமாக்கூட இருக்கலாம். கோரின் சூப் நின்னதுலேருந்து நானே சமைக்கிறேன்." அவர் கதவைத் திறந்து, ஏறாமல் நின்றார். "இப்ப இந்த வீட்ல யார வெக்கறது?"

"தெரியாது."

"அவர்கிட்ட கேட்டியா?" தாடையை மேல்நோக்கி அசைத்தார்.

"காலைல கேட்டேன். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

"காலைலேருந்தா?"

"காலைலேருந்து."

எல்வுட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்பு ஏதும் பண்ணலியே உனக்கு?" என்றார்.

லவீனா பதிலுக்கு ஏதோ சுருக்கென்று சொல்லப்போனாள். சொல்லவில்லை. பனி அவள் தொப்பியில் படிந்தது. காலி வீட்டைப் பார்த்துக்கொண்டு, எரிச்சலோடு, அங்கேயே நின்றாள்.